நிறுத்தம்னா என்ன தெரியுமா?

"எந்த அறிவுகெட்டவன் இந்த லிஃப்டை ஓட விட்டது?"

மூன்று மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு அவள் கத்தினாள். மழையில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது... அதை ஒதுக்கக்கூட அவளுக்குப் பொறுமையில்லை. லிஃப்ட் கம்பெனியில் அவள் பாதுகாப்புப் பரிசோதகி. ஆபீஸில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். அவள் காதுபடவே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பிரேக் தேய்ந்துவிட்டது என்று முந்தாநாள் இதே லிஃப்டை அவள்தான் பூட்டினாள். இன்று அது மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் தொங்குகிறது. உள்ளே ஓர் ஆள்!

மெக்கானிக் தன் போனை நீட்டினார். "நான் என்னம்மா பண்றது? கம்பெனி ஆப்ல இந்த வேலை 'முடிந்தது'ன்னு காட்டுச்சு. ஓட விட்டுட்டேன்."

"நான் 'நிறுத்தம்'னுதானே போட்டேன்! எவனோ ஒரு சாஃப்ட்வேர்காரன் வந்து நம்ம வேலையையெல்லாம் வகை பிரிச்சு, 'நிறுத்தம்', 'முடிந்தது'ன்னு படி பிரிச்சு வச்சானே... அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

"கிடைச்சாச்சுங்க" என்றது லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

அவள் கதவை இழுத்துத் திறந்தாள். லிஃப்டின் தரை அவள் தலைக்கு மேலே இருந்தது. தரைக்கும் கதவின் மேல்விளிம்புக்கும் நடுவே இருந்த இடைவெளியில் இரண்டு கண்கள் குனிந்து பார்த்தன... பயந்த கண்கள். அந்தப் பயத்திலும் சிரிக்கப் பார்த்த கண்கள். ஐயோ, இதென்ன இப்படிப் பார்க்கிறான்! ஒரு விநாடி அவளுக்குத் திட்ட மறந்துபோனது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"நிறுத்தம்னா என்ன தெரியுமா உங்களுக்கு?"

"வேலையைக் கைவிட்டாச்சுன்னு நினைச்சேன். கைவிட்ட வேலை எதுக்கு அங்கேயே கிடக்கணும்னு... ரெண்டு நாள்ல அதுவா 'முடிந்தது'க்குப் போற மாதிரி வச்சேன்."

"நிறுத்தம்னா லிஃப்டை நிறுத்துறது! இதுல மனுஷன் ஏறக் கூடாதுன்னு அர்த்தம்!"

"இப்ப நல்லாவே புரிஞ்சிடுச்சுங்க. இறக்கி விடுறீங்களா?"

"கொஞ்ச நேரம் தொங்குங்க. அப்பத்தான் புத்தி வரும்."

மெக்கானிக் மேலே போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை மெல்ல மெல்ல இறக்கினார். வெளியே வந்தவன் தடுமாறினான். அவள் யோசிக்காமல் அவன் கையைப் பிடித்தாள்... யோசித்ததும் சட்டென்று விட்டாள்.

"ஆமா, இந்தக் கட்டடத்துல உங்களுக்கு என்ன வேலை?"

"மேல் மாடியில எங்க அக்கா வீடு. அக்கா புருஷன்தான் உங்க மேனேஜர்."

"ஓ... மச்சினன்! அதானே பார்த்தேன். வேலை தெரிஞ்சதாலயா இந்தக் கான்ட்ராக்ட் கிடைச்சுது?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. நன்றாகச் சுருங்கட்டும் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினாள். ஆனால் கடைசிப் படி வரைக்கும் அந்த முகமே கண்முன் நின்றது... சே!

மறுநாள் மேனேஜர் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பட்டாசு தப்பான படியை அமுக்கியிருக்கு. அவ்வளவுதான் விஷயம். அப்படின்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டு, இனிமே கணக்குப் பிரிவுல போய் உட்காரட்டும்."

கையெழுத்துப் போட்டால் இனி எந்த லிஃப்டையும் அவள் பூட்ட முடியாது. தேய்ந்த பிரேக்கைக் கண்ணால் பார்த்தாலும் வாயை மூடிக்கொண்டு போகவேண்டியதுதான்.

"அந்தப் பொய்க்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார்."

"நீ சொல்லு மாப்ளே. உன் பக்கம் தப்பு ஒண்ணும் இல்லல்ல?"

எங்கே உண்மையைச் சொல்லப்போகிறான்... அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தப்பு என்னுதுதான் மாமா. அவங்க போட்டது சரி. அந்த வார்த்தைக்கு இங்க என்ன அர்த்தம்னு ஒருத்தரையும் கேக்காம நான் படி போட்டுட்டேன். காலையிலேயே முதலாளிக்கு இதை எழுதி அனுப்பிட்டேன்."

"டேய்! உங்க அக்கா முகத்துக்காக உன்னை உள்ள விட்டேன் பாரு... என்னைச் செருப்பால அடிக்கணும்! இனிமே என் வீட்டுப் படி ஏறாதே!"

"ஏறலை மாமா. லிஃப்ட்லயும் ஏறலை."

நின்ற இடத்திலேயே லேப்டாப்பைத் திறந்தான். பழுது என்ற வகைக்குள் ஒரு படியாகக் கிடந்த நிறுத்தத்தை வெளியே எடுத்துத் தனி வகையாக்கினான். அதற்கு இரண்டே படிகள்: பூட்டியது, திறந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் உரிமை பரிசோதகிக்கு மட்டும். தானாக எதுவும் நகராது. மேனேஜர் நினைத்தாலும் நகராது.

அவள் அதைப் பார்த்தாள். விறுவிறுவென்று வெளியே போனாள். வாசலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"யாரு உங்களை எனக்கு வக்காலத்து வாங்கச் சொன்னா? அக்கா வீட்டு உறவையே கெடுத்துக்கிட்டு..."

"உங்களுக்காக இல்லீங்க. உண்மையைச் சொன்னேன்."

"அப்ப எனக்காக இல்லையா?"

அவன் திருதிருவென்று விழித்தான். "இப்ப எதுக்குங்க இவ்வளவு கோபம்?"

"ராத்திரி பூரா உங்களைத் திட்ட வார்த்தை தேடிட்டு இருந்தேன். ஒண்ணும் வரலை! கண்ணை மூடினா உங்க கண்ணுதான் வருது. மச்சினன்னு சொல்லிட்டோமேன்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு... போதுமா?"

மழைச்சாரல் இருவரையும் நனைத்தது. அவன் மெல்லக் கேட்டான்.

"நானும் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லித் தொலைங்க!"

அவன் சொன்னான். அவளுக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் மழைச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை என்று அதட்டி, அவனை இன்னொரு தடவை சொல்ல வைத்தாள்.