சேற்றுத் திட்டில் குளம்புத் தடங்கள்

சேற்றுத் திட்டில் மாட்டுக் குளம்புகள் பதிந்திருந்தன.

விடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சால்வே கடற்கழியிலிருந்து வந்த உப்புக்காற்று பறவை பார்க்கும் மரக்குடிலின் பலகை இடுக்குகளில் சீழ்க்கையடிக்க, நீளச் சன்னல் வழியே கெர்ரி தொலைநோக்கியை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பறவைகளுக்காகத் தோண்டிய குட்டையின் நடுவில் அந்தத் திட்டு. சுற்றிலும் முழங்கால் ஆழத் தண்ணீர். அதற்கு வெளியே, நரி நுழையாதபடி மின்வேலி. ஜூலை வரை இந்தப் பக்கம் ஒரு மாட்டையும் விடுவதில்லை, முட்டைகள் மிதிபட்டுவிடும். ஆனாலும் தடங்கள் தண்ணீரிலிருந்து ஏறி வந்திருந்தன. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

நாற்பது ஆள்காட்டிகள் திட்டின் ஒரே மூலையில் ஒண்டி நின்றன. ஆள் தலை தெரிந்தாலே ஊரைக் கூட்டும் பறவை அது. ஒன்றும் வாய் திறக்கவில்லை.

இது அவளுடைய அப்பாவின் வயல். 2001இல், கோமாரி வந்த வருஷம், அவளுக்கு ஆறு வயது. நோய் அடுத்த பண்ணையில். சுடச் சொல்லி உத்தரவு வந்ததோ இவர்களுடைய அறுபத்திரண்டு பசுக்களையும் சேர்த்து. வெள்ளை உடைக்காரர்களையும் துப்பாக்கிகளையும் கண்டு மாடுகள் வயல்கோடிக்கு ஓடின. அவற்றைக் கூப்பிடும்படி அப்பாவிடம்தான் சொன்னார்கள்.

"கஷ்... கஷ்... வாடி கண்ணு."

தினமும் பால் கறக்கக் கூப்பிடும் அதே கூவல். கெர்ரியைச் சாப்பிடக் கூப்பிடுவதும் அதில்தான். அந்தக் குரலை நம்பி ஒவ்வொன்றாக நடந்து வந்தன. சுட்டு, இதே இடத்தில்தான் புதைத்தார்கள். அதற்கப்புறம் சாகும்வரை அப்பா யாரையும் உரக்கக் கூப்பிடவில்லை.

பிறகு நிலத்தைப் பறவைக் காப்பகம் வாங்கியது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய கெர்ரிதான் அதற்கு ஆய்வறிக்கை எழுதினாள், இந்த மூலையைத் தொடாதீர்கள் என்று ஒரு முழுப் பக்கம். மேலாளர் ஜூலியன் அந்தப் பக்கத்தை மட்டும் உருவி எடுத்துவிட்டு, மிச்சத்தின்மேல் நிரந்தர வேலைக்கான கடிதத்தை வைத்து அவளிடம் நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். அந்த மூலையிலேயே குட்டையைத் தோண்டினார்கள். அன்றிலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். அந்தக் கோபத்தில் பாதி தன்மேல்தான்.

கதவை இடித்துத் தள்ளிக்கொண்டு ஜூலியன் வந்தார். மார்புவரை ரப்பர் கால்சட்டை, தலையில் பச்சைத் தொப்பி.

"பத்து மணிக்கு விருந்தாளிங்க வர்றாங்க. அந்தத் தடத்தை எல்லாம் அழிச்சிட்டு வரேன்."

"போகாதீங்க ஜூலியன்."

"பக்கத்துப் பண்ணை மாடு வேலி தாண்டியிருக்கும்."

"வேலியில கரண்ட் ஓடுது. சந்தேகம்னா தொட்டுப் பாருங்க."

"படிச்சவதானே நீ? பண்ணைக்காரி மாதிரி பேசாத."

"பண்ணைக்காரிதான். நீங்க உருவிப் போட்ட பக்கத்தை எழுதினதும் இந்தப் பண்ணைக்காரிதான்."

"மிச்சத்துல கையெழுத்துப் போட்டதும் அவதான்." சிரித்தார். "உங்கப்பா எப்படியோ கூப்பிடுவாருன்னு டீ குடிக்கும்போது சொன்னியே. கூப்பிட்டுப் பார்க்கிறேன். வரட்டுமே!"

அவர் வேலிக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு இறங்கினார். அவள் தடுத்திருக்கலாம். போய்த் தொலை என்று நினைத்தாள்.

திட்டில் ஏறி நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, குடிலைப் பார்த்துக் கேலியாகக் கூவினார்.

"கஷ்! கஷ்!"

ஆள்காட்டிகள் எழுந்தன. நாற்பதும். சத்தமேயில்லாமல்.

பிறகு வாசனை வந்தது. அசைபோட்ட புல்லும் பாலும் கலந்த வெதுவெதுப்பான மூச்சுவாடை, ஈரத்தில் ஊறிய மாட்டுமுடியின் வாடை, அதன் அடியில், இருபது வருஷமாக அவள் மறந்திருந்த வெடிமருந்து நெடி.

குட்டை சலசலத்தது. காற்று நின்றிருந்தது.

திட்டின் ஓரத்தில் ஒரு குளம்பு பதிந்தது. அதில் தண்ணீர் ஊறியது. அடுத்தது. அதற்கடுத்தது. மேலே உடம்பில்லை. எல்லாப் பக்கமிருந்தும். அவரை நோக்கி.

ஜூலியன் கத்தவில்லை. சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிருந்தது. முழங்கால்வரை சேற்றில் புதைந்தார். இடுப்பு. அந்தச் சேற்றை அளந்தவள் அவள்தான். ஒரு சாண்கூட ஆழமில்லை.

மார்பு.

தொப்பி.

பிறகு குட்டை அடங்கியது. தடங்கள் தொப்பியைச் சுற்றி நெருக்கியடித்து நின்றன. ஒவ்வொன்றாக, மெதுவாக, குடிலின் பக்கம் திரும்பின.

"கஷ்... கஷ்..."

தண்ணீருக்கடியிலிருந்து. ஜூலியனின் குரல் இல்லை.

"வாடி கண்ணு."

அப்பா. மிரட்டல் இல்லை. சாப்பாடு ஆறிப்போகிறது என்பதுபோல, அத்தனை பாசம்.

"வரமாட்டேன்!" என்று கத்தினாள். வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினாள். சன்னல் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டதாகத்தான் நினைத்தாள்.

கையில் சட்டம் இல்லை. குடில் அவளுக்குப் பின்னால் இருந்தது. திறந்துகிடந்த வேலிக் கதவும் பின்னால்தான். எதிரே திட்டில் தடங்கள் இரண்டாக விலகி, நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தன.

பூட்ஸுக்குள் தண்ணீர் ஏறியது. வெதுவெதுப்பாக.