கீழ் லயத்துக்கு இழுத்த வயர்

ராமலட்சுமிக்கு இடுப்பு கழன்று விழுவதுபோல் இருந்தது. காலையிலிருந்து சரிவில் நின்று கத்தரியால் தேயிலைக் கொழுந்து வெட்டியவள். வலது தோள் மரத்துப் போயிருந்தது, விரல்கள் மடங்க மறுத்தன. மத்தியானம்தான், அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. சூரியநெல்லிக்கு மேலே தான் குடியிருக்கும் பழைய சூப்பர்வைசர் வீட்டை நோக்கி அவள் ஏறி வந்தபோது, வாசலில் நின்ற ஸ்கூட்டரின் பின்விளக்கு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

போன்காரன் ஜின்சன் படியில் உட்கார்ந்து காலிலிருந்து அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"சேச்சி, இந்த ஊர்ல என்னை நல்லா வரவேற்கிறது இந்த அட்டை மாத்திரம்தான். ஒரு கட்டன்சாயா உண்டோ?"

"போட்டுத் தாரேன் தம்பி. மொதல்ல அந்தப் போனுக்கு ஒரு வழி பண்ணு."

செம்புக் கம்பி லைனை மூடப்போகிறார்கள், இனி ஃபைபர் கயிறு வழியாக இன்டர்நெட்டில்தான் பேச வேண்டும், நம்பர் மாறாது என்று எக்சேஞ்சிலிருந்து சொல்லியிருந்தார்கள். மொபைலைக் கூரை மேல் ஏறிப் பிடித்தாலும் அந்த வீட்டில் சிக்னல் வராது. அதனால் லைனை விட முடியாது. ஆனால் ராமலட்சுமி இந்த மாற்றத்துக்குக் காத்திருந்தது அதற்காக அல்ல.

அந்த மணிக்காக.

அவள் புருஷன் சின்னமுத்து எஸ்டேட் சூப்பர்வைசராக இருந்தவன். காலையில் ஆளைக் கூப்பிட மலை இறங்கச் சோம்பல்பட்டு, தன் வீட்டு லைனிலிருந்தே ஒரு வயரைப் பிரித்துக் கீழே கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துக்கு இழுத்து, அங்கே கொழுந்து பறிக்கும் புஷ்பமேரி வீட்டில் இன்னொரு செட்டு வைத்தான். எக்சேஞ்சுக்குத் தெரியாது. கீழே இருப்பவர்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் செட்டில் ரிசீவர் உட்காரும் கட்டையை இரண்டு தட்டுத் தட்டுவார்கள். மேலே மணி முழுதாக அடிக்காது. லேசாக, 'டிங்... டிங்' என்று முனகும். மேல் வீட்டில் எடுத்துப் பேசுவார்கள். வேலைக்கு வா என்பது மேலிருந்து கீழே போகும். லீவு கொடு, ஜீப்பு அனுப்பு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது கீழிருந்து மேலே வரும். அதற்குத்தான் அந்த வயர்.

ஒரு அடைமழை நாளில் புஷ்பமேரி தட்டினாள். லயத்துக்குப் பின்னால் மண் பிளந்து தண்ணீர் ஊறுகிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலே கொழுந்துக் கொட்டகைக்கு வரட்டுமா என்று கேட்டாள். கொட்டகைச் சாவி சின்னமுத்துவின் இடுப்பில் தொங்கியது. ஆனால் எஸ்டேட் மேனேஜர் தொரையைக் கேட்காமல் திறக்க அவனுக்குத் தைரியமில்லை.

"இரு புள்ள. தொரைட்ட கேட்டுச் சொல்றேன்" என்றான்.

தொரை தேனிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அடுத்த தரம் மணி முனகியபோது சொல்ல ஒன்றுமில்லாமல் சின்னமுத்து போன்மேல் துண்டைப் போட்டு மூடினான். துண்டுக்கு அடியிலும் அது முனகிக்கொண்டே இருந்தது. இருட்டுமுன் மலை சரிந்து இறங்கியது. லயத்தையே ஆட்களோடு வழித்துக்கொண்டு போய்விட்டது. பிற்பாடு தொரை மாலையோடு வந்தார், ஷூவில் மண் படாத இடமாகப் பார்த்து நின்றுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மூடுபனி இறங்கும் நாளெல்லாம் மணி முனகும். எடுத்தால் கரகரவென்று இரைச்சல் மட்டும்.

"வயர்ல ஈரம்" என்பான் சின்னமுத்து.

இந்த மணியின் கீழ் மகளைப் படுக்கவைக்க ராமலட்சுமிக்கு மனசு வரவில்லை. கொழிஞ்சாம்பாறையில் கட்டிக்கொடுத்த அனுப்பிரியாவுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டியது முறை. மலைப்பாதை சரியில்லை, ஆஸ்பத்திரி தூரம் என்று சாக்குச் சொல்லித் தள்ளினாள். சம்பந்தி சின்னத்தாயி விடவில்லை: "ஏனுங்க, புள்ளயக் கூட்டிட்டுப் போக நாதியில்லாத ஊடுங்களா அது?" என்று கேட்டே விட்டாள். பிள்ளை பிறந்த பிறகாவது கூட்டி வர வேண்டும். அதற்குள் இந்த மணி அடங்க வேண்டும்.

ஜின்சன் சாயாவைக் குடித்துவிட்டு வேலையில் இறங்கினான். மோடத்தை முன்கட்டில் பிளக்கு இருந்த இடத்தில் மாட்டினான். போன் இருந்ததோ உள்ளறையில். சுவரைத் துளைக்க அவனுக்குச் சோம்பல். மோடத்திலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து, உத்தரத்தில் இருந்த பழைய ஜங்ஷன் டப்பாவில் கொடுத்தால் போதும், வீட்டு வயரிங்கே உள்ளறைக்குக் கொண்டுபோய்விடும். டப்பாவைத் திறந்து பார்த்தவன் தலையைச் சொறிந்தான். ஏழெட்டுக் கம்பிகள் முறுக்கிக் கிடந்தன. பக்கத்தில் நின்ற சின்னமுத்துவைப் பார்த்தான்.

"சேட்டா, இதுல இருந்து வெளியில வேற எங்கயாவது லைன் இழுத்திட்டுண்டோ?"

ராமலட்சுமி வாயைத் திறந்தாள். சின்னமுத்து அவளை முறைத்தான். திருட்டு வயர் என்று தெரிந்தால் ஜின்சன் ஆபீசில் எழுதிப் போட்டுவிடுவான் என்ற பயம். வேலை போய், எஸ்டேட்டே கைமாறிப் போன பிறகும் மேலே இருப்பவனுக்குப் பயப்படும் அந்தப் புத்தி அவனைவிட்டுப் போகவில்லை.

"இல்ல. எல்லாம் வீட்டுக்குள்ளதான்."

"அப்போ ஓகே." ஜின்சன் எல்லாவற்றையும் சேர்த்து முறுக்கினான். "இனி ஈரம், இரைச்சல் ஒண்ணும் கிடையாது சேச்சி. அந்தப் பக்கம் ஊசி விழுந்தா இங்க கேக்கும்."

அவன் சொன்னது பொய்யில்லை.

சில நாள் மணி முனகவே இல்லை. மூடுபனி வந்து போயிற்று, மழைகூடப் பெய்தது. போன் செத்தது மாதிரிக் கிடந்தது. ராமலட்சுமி வெகுகாலத்துக்குப் பிறகு முதுகு தரையில் பட்டதும் தூங்கினாள். உள்ளறையைச் சாணி போட்டு மெழுகி, பழைய சேலைகளைக் கிழித்துத் தொட்டில் துணி தைத்தாள்.

ஒரு நாள் வேலை விட்டு வந்து காலைக் கழுவும்போதே போன் அடித்தது. முழு மணி. ஓடிப் போய் எடுத்தாள்.

"ஏனுங்க சம்மந்தி! பேத்தி பொறந்துட்டாளுங்க. மூக்கு அப்படியே எங்க பக்கம்."

"மூக்கு உங்களுதா இருந்துட்டுப் போகட்டும், முழி என் மகளுதா இருந்தாச் சரி" என்று சிரித்தாள் ராமலட்சுமி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"லைனு எத்தன தெளிவாக் கேக்குதுங்க இப்ப! பக்கத்துல இருந்து பேசறாப்பல. ஆமா, ஊட்ல கொழந்த ஆரு? இருமுதுங்களே?"

ராமலட்சுமியின் சிரிப்பு நின்றது.

வீட்டில் குழந்தை யாரும் இல்லை.

ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். இரைச்சல் இல்லை. கரகரப்பு இல்லை. சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம். ஈரத்தில் சாக்கு இழுபடும் சத்தம். ஒரு பிள்ளையின் சளி இருமல். ரிசீவரின் ஓட்டைகளிலிருந்து புது மண் வாசனை வந்தது, மண்வெட்டி இறங்கிய இடத்தில் அடிக்குமே, அந்த வாசனை.

பிறகு ஒரு பெண் குரல், கிசுகிசுப்பாக.

"அக்கா... அண்ணன் கேட்டாச்சா?"

புஷ்பமேரியின் குரல்.

"ஆருங்க அது?" என்றாள் சின்னத்தாயி, அந்த முனையில். "என்னமோ கேக்கறாங்க பாருங்க. பதில் சொல்லி அனுப்புங்க பாவம்."

ராமலட்சுமி போனை வைக்கவில்லை. புருஷனைக் கையசைத்துக் கூப்பிட்டாள். காது மந்தமான சின்னமுத்துவுக்குப் பாதிப் பேச்சு எப்போதும் கேட்காது. அவன் ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தான்.

அவனுக்கு எல்லாம் கேட்டது.

"அண்ணே, மண்ணு இடுப்பு வரைக்கும் வந்துருச்சுண்ணே. மேல ஏறி வரட்டுமா?"

அவன் ரிசீவரை வைத்துவிட்டான்.

"சொல்லித் தொலைங்களேன்" என்றாள் ராமலட்சுமி. "அன்னைக்குச் சொல்லாததை இன்னைக்காவது சொல்லுங்க."

"வாங்கன்னு சொன்னா வந்துருவாங்கடி."

"அப்ப வராதீங்கன்னு சொல்லுங்க."

"அதச் சொல்ல எனக்கு வாய் இருக்கா?"

செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு சின்னமுத்து வெளியே போனான். பின்சுவரில் துளை வழியாக வெளியே வந்து, கல்லடுக்கைத் தாண்டிச் சரிவுக்குள் இறங்கும் அந்தக் கறுப்பு வயரை ஒரே வெட்டில் வெட்டினான். அறுந்த முனை புல்லில் விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அறுந்த முனை அசைந்தது.

காற்று இல்லை. மூடுபனி அப்படியே நின்றுகொண்டிருந்தது.

வயர் புல்லின்மேல் மெதுவாகக் கீழே இறங்கியது. யாரோ அடியில் நின்றுகொண்டு, கையிலும் முழங்கையிலும் சுருட்டி இழுப்பதுபோல் விட்டு விட்டு இறங்கியது. கல்லடுக்கின் விளிம்பில் ஒரு தரம் சிக்கி, விடுபட்டு, மறைந்தது.

உள்ளே மணி முனகியது.

டிங்... டிங்.

இப்போது அனுப்பிரியா தினமும் கூப்பிடுகிறாள். மணி அடித்தால் ராமலட்சுமி கையை ரிசீவர்மேல் வைத்துக்கொண்டு நிற்கிறாள். எடுக்காமலும் இருக்க முடியாது, பெற்ற மகள். பேத்தி அழுவது கேட்கும். அழுகை ஓய்ந்ததும் இன்னொரு பிள்ளை இருமுவது கேட்கும். அனுப்பிரியாவுக்கு அங்கே மாமியாரின் பேச்சைத் தாங்க முடியவில்லை.

"அம்மா, உடம்பெல்லாம் நோவுது. பிள்ளையத் தூக்கிட்டு அங்க வரட்டுமா?"

அவள் கேட்டு முடிக்குமுன், அதே லைனில், அதே தெளிவில், இன்னொரு குரலும் கேட்கும். முன்பைவிடப் பக்கத்தில்.

"வரட்டுமாண்ணே?"

வா என்று சொன்னால் இரண்டு பேர் காதிலும் விழும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறி வருகிறவளுக்கு ஒரு பகல் முழுக்க ஆகும். கீழே இருப்பவர்களுக்கு ஒரு மேடுதான். வராதே என்றால் பெற்ற மகளின் மனசு முறிந்துபோகும்.

"என்னம்மா, பேச மாட்டேங்கிற? அப்பாட்டயாவது குடு."

சின்னமுத்து ரிசீவரை வாங்குகிறான். உதடு அசைகிறது. சத்தம் வரவில்லை.

மகள் அழுதுகொண்டே வைத்துவிடுகிறாள். அவள் வைத்த பிறகும் லைன் அறுவதில்லை. அங்கே மூச்சு விடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவர்கள் கோபமாகப் பேசுவதில்லை, சாபம் விடுவதில்லை. கூலிக்காரர்களுக்குக் காத்திருந்து பழக்கம்.

கேட்டுச் சொல்கிறேன் என்று சின்னமுத்து சொன்ன அந்தப் பதில், புஷ்பமேரிக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.