அடைச்சூடு

முட்டைக்குள் குஞ்சு கத்துவது இருபதாம் நாள்தான். மஸ்கட்டில் குஞ்சு பொரிக்கும் ஒரு ஹேச்சரியில் பதினோரு வருடம் வேலை பார்த்த ஜாஸ்பருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த ஐப்பசிக் காலையில், முட்டை வைத்துப் பன்னிரண்டே நாள் ஆகியிருக்க, இன்குபேட்டர் இருந்த பின்னறைக் கதவைத் திறந்ததும் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. மெலிந்த, நனைந்த சத்தம்.

ஒவ்வொரு முட்டையாக எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். நூல் நூலாக ரத்தநாளங்கள், நடுவே நெளியும் கறுத்த நிழல். கத்துகிற பருவமே இல்லை. காதருகே கொண்டுபோன முட்டை ஊமையாக இருந்தது. சத்தம் எப்போதும் அடுத்ததிலிருந்து வந்தது.

"சவம், எலியாக்கும்," என்று முணுமுணுத்தபடி கதவைச் சாத்தினார். உள்ளங்கையில் முட்டையின் சூடு ஒட்டியிருந்திருக்க வேண்டும். ஆனால் கை சில்லென்று இருந்தது.

இறகெல்லாம் முன்னோக்கிச் சுருண்டு, நாக்கு முதல் எலும்பு வரை கறுத்திருக்கும் கோழி இனம் அது. கீரிப்பாறைக்குப் போகும் ரோட்டோரம், ரப்பர் மரங்களுக்கு நடுவே நின்ற அவர் வீட்டைத் தவிர அந்தப் பக்கத்தில் வேறெங்கும் கிடையாது. கிடைக்கவும் கூடாது என்பதில் ஜாஸ்பர் குறியாக இருந்தார். பெட்டைகளை மட்டுமே விற்றார். பொரித்த அன்றே குஞ்சைப் புரட்டி, பெருவிரலால் அடிவயிற்றை அழுத்திப் பார்த்து, சேவலா பெட்டையா என்று சொல்லிவிடும் கை அவருடையது. சேவல் என்றால் பக்கத்தில் நிற்கும் பெயிண்ட் வாளிக்குள் போகும். நிறைந்ததும் மூடியை அழுத்தி அடைத்து மேலே ஒரு கல்லைத் தூக்கி வைப்பார். மறுநாள் பலாமரத்து மூட்டில் குழி, அதன்மேல் கொஞ்சம் சுண்ணாம்புத்தூள். இரண்டு வருடமாக இப்படித்தான்.

"அறுத்துத் திங்கவாவது ஆருக்காவது குடுங்க," என்று மனைவி ஞானசெல்வி எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறாள்.

"குடுத்தா அறுப்பானா ஏட்டி? அடுத்த வருசம் அவனுக்க வீட்டுலயும் இதே குஞ்சு கெடக்கும்."

ஒருமுறை அவள் ஒன்றை மட்டும் எடுத்து, விறகுப்புரையில் அட்டைப்பெட்டிக்குள் ஒளித்து வளர்த்தாள். அவள் மடியில்தான் அது தூங்கும். குரல் உடைந்து முதல்முறை கூவிய அன்று ஜாஸ்பர் கண்டுபிடித்துவிட்டார். அவள் பார்க்கவே அதையும் வாளிக்குள் திணித்து மூடினார். ஞானசெல்வி அழவில்லை. உள்ளே அடிக்கிற சத்தம் ஓயும்வரை வாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய் உலை வைத்தாள். அன்றிலிருந்து பின்னறைக்குள் அவள் கால் வைத்ததில்லை.

மதியம் மழை கொஞ்சம் விட்டது. செல்போனுக்கு சிக்னல் கிடைப்பது பலாமரத்தடியில்தான். அங்கே நின்றபோது ஞானசெல்வி அழைத்தாள். தங்கையின் ஆப்பரேஷனுக்காக நான்கு நாளாக நெய்யூர் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கிறாள்.

"சாயங்கால பஸ்ஸுக்கு வாறேன். குஞ்சு பொரிச்சாச்சா?"

"இன்னும் ஒம்பது நாள் கெடக்குலா. என்னத்துக்குக் கேக்க?"

"பின்ன இது என்ன சத்தம்? ஒங்க பேச்சே கேக்கல்ல. அவ்வளவு குஞ்சும் ஒண்ணாக் கத்துதே."

ஜாஸ்பர் சுற்றிலும் பார்த்தார். ரப்பர் இலைகளிலிருந்து நீர் சொட்டியது. தூரத்தில் ஏதோ வண்டி கியர் மாற்றி ஏறியது. வேறு சத்தமே இல்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கல்லியே," என்றார்.

"கேக்கும்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அப்போதுதான் காலடியைப் பார்த்தார். குழி மூடிய மண் ஓரடிக்கு உள்வாங்கிக் கிடந்தது. மழை இறக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் மண்வெட்டியை எடுத்துவந்து வெட்டினார். முழங்கால் ஆழம். இடுப்பாழம். வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் வந்தன. ஒரு தூவி இல்லை. ஒரு எலும்பு இல்லை. இரண்டு வருடத்துச் சேவல்கள் அத்தனையும் போட்ட குழி, கழுவிக் கவிழ்த்த பானைபோல் காலியாகக் கிடந்தது.

நிமிர்ந்தபோது சேற்றில் தடங்களைக் கண்டார். மூன்று விரல், ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னத் தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. குழியிலிருந்து கிளம்பி வீட்டின் பின்வாசல் வரை போயிருந்தன. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு மறுபடி மழை பிடித்தது. பின்னறையில் பல்பு எரிந்தது, மின்விசிறி சுற்றியது, ஆனால் இன்குபேட்டரில் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. முப்பத்தேழு. முப்பத்துநான்கு. முப்பது. ஜாஸ்பர் போர்வையை எடுத்து மூடினார். போர்வையின் மேல் சாக்கைப் போட்டார். இருபத்தாறு. அவர் விட்ட மூச்சு புகையாக வெளியே வந்தது. நனைந்த தூவியின் நாற்றம், அதோடு சுண்ணாம்பின் காரம். கீச்சொலி இப்போது அறை முழுக்க இருந்தது.

ஆத்திரத்தில் ஒரு முட்டையை எடுத்துச் சுவரில் அறைந்தார். கொழகொழவென்று ரத்தம் வழிந்தது. உள்ளே இருந்தது வாய் திறக்காத வெறும் கரு. முட்டைகள் கத்தவில்லை.

சத்தம் மூலையில் கிடந்த கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. அலமாரிக்குப் பின்னாலிருந்து. தீவனச் சாக்குகளின் இடுக்கிலிருந்து.

சட்டென்று நின்றது.

முதலாவது வெளியே வந்தது. உள்ளங்கை அளவு. கறுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டாகச் சுண்ணாம்பு. அதன் பின்னால் இன்னொன்று. பின்னால் தரையே நகர்ந்தது.

உதைத்தார். கால் குளிர்ந்த நீருக்குள் போனதுபோல் போய் வந்தது. ஓடக் கதவுப் பக்கம் திரும்பினார். முழங்கால் மடிந்தது. எழ முடியவில்லை. குந்தி உட்கார்ந்துவிட்டார். அவை கொத்தவில்லை. கீறவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குள் நுழைந்தன. சட்டைக்குள் ஏறின. அக்குளில், வயிற்றில், தொடையிடுக்கில் ஒண்டின. ஒவ்வொன்றும் ஐஸ் கட்டி. ஒவ்வொன்றும் அவரிடமிருந்து கொஞ்சம் சூட்டை உறிஞ்சியது. குளிர் நீங்கிய குஞ்சு எழுந்து விலகியது. அடுத்தது நுழைந்தது.

அவர் கைகள் தாமாக விரிந்தன. இறக்கைபோல.

ரோட்டில் பஸ் நின்று கிளம்பியது. முன்கதவு திறந்தது. ஈரச் செருப்பின் ஓசை ஒவ்வொரு அறையாக நெருங்கியது. பின்னறை வாசலில் ஞானசெல்வி நின்றாள், கையில் செல்போன் வெளிச்சம்.

தூக்கு. என்னத் தூக்கு ஏட்டி. என்று சொல்ல ஜாஸ்பர் வாய் திறந்தார். தொண்டையிலிருந்து வந்தது வேறு. க்ளக். க்ளக். அடைக்கோழியின் குரல்.

அவள் வெளிச்சத்தைத் தரையில் ஓட்டினாள். நெடுநேரம் பார்த்தாள். ஒன்று, மற்றவற்றைவிடப் பெரியது, தலையை உயர்த்தி அவளைப் பார்த்தது. அவள் குனிந்து அதன் முதுகை ஒரு விரலால் தடவினாள்.

"பாவம், குளிருதுலா," என்றாள். குரலில் நடுக்கமே இல்லை. "கொஞ்சம் அடை இருந்து குடுங்க."

கதவு சாத்தப்பட்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

பல்பு மங்கி அணைந்தது. கதவின் அடி இடைவெளி வழியாக இன்னும் வந்துகொண்டிருந்தன, வரிசையாக, அவசரமில்லாமல். ஜாஸ்பரின் கைகள் இன்னும் கொஞ்சம் விரிந்து இடம் கொடுத்தன. இருட்டுக்குள் அவர் தொண்டை அவற்றைக் கூப்பிட்டது.

க்ளக்.

க்ளக்.