மூன்று வெட்டு, பிறகு ஒன்று

அடுப்படியில் புதிதாகப் பதித்த தரைக்குக் கீழே யாரோ நகத்தால் ஒரே ஒரு தடவை தட்டினார்கள்.

மீன் சாற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி தோவா அப்படியே நின்றுவிட்டாள். தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது, அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது, வாத்தின் இறகைப் பொசுக்கிய வாடை வீடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது, இத்தனைக்கும் நடுவில் அந்தத் தட்டல் அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது. எலியாக இருக்கும். சிமெண்டு இறுகும் சத்தமாகவும் இருக்கலாம், பதித்து நாலு நாள்தானே ஆகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் எலி ஒரு தடவை தட்டிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்காது. கீழே இருந்தது காத்திருந்தது.

அந்த ரப்பர் தோட்டத்து ஊரில் அடுப்படிக்கு முதன்முதலில் டைல்ஸ் போட்டவன் அவள் மகன் லோக். வருகிற ஒவ்வொருவரையும் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி, அந்தப் பெருமையை ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டான். பழைய மண் அடுப்பை இடித்தபோது அதன் அடியில் குழி தெரிந்தது. அதைத் தொடாதே என்று தோவா சொல்லிப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே மூன்று வண்டி மணலைக் கொட்டி மூடிவிட்டான். இப்போது உறவுக்காரர்களுக்கு அரிசிச் சாராயம் வாங்க மோட்டார் சைக்கிளில் போயிருந்தான். இன்று அவனுடைய சித்தப்பா கியெனின் நினைவு நாள். அந்தக் குழிக்குள் ஒளிந்திருந்தவர்களில் ஒருவன் கியென்.

கியென் அவளுக்குக் கொழுந்தன். அமெரிக்கர்களோடு நடந்த போர்க்காலத்தில் அவனும் இரண்டு பெண் போராளிகளும் பகலெல்லாம் அந்தக் குழிக்குள் படுத்துக் கிடப்பார்கள். அடுப்புச் சாம்பலுக்குக் கீழே மூடி. வெளியே வரலாமா என்று கேட்க, கீழிருந்து நகத்தால் ஒரு தட்டு. சிப்பாய்கள் போய்விட்டார்கள் என்றால் தோவா வெட்டுப்பலகையில் கத்தியால் மூன்று வெட்டு வெட்டி, கொஞ்சம் நிறுத்தி, இன்னும் ஒன்று வெட்டுவாள். வீட்டில் ஆள் இருந்தால் துடைப்பத்தை எடுத்துப் பெருக்குவாள். துடைப்பச் சத்தம் கேட்டால் அவர்கள் மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார்கள். இந்த ஏற்பாட்டை அவளும் கியெனும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டது, குழிக்குள் இருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

இருபத்தாறு வருஷத்துக்கு முன் இதே நாளில் அமெரிக்கர்கள் வந்தார்கள். அரை நாள் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தும் மூடி அகப்படவில்லை. அப்புறம் அவர்களில் நெட்டையான ஒருவன் தூளியிலிருந்து ஒன்றரை வயது லோக்கைத் தூக்கித் தோளருகே வைத்துக்கொண்டான். பிஸ்கட் கொடுத்தான். பிள்ளை அதைக் கடித்துக்கொண்டு சிரித்தது. கூட வந்த மொழிபெயர்ப்பாளன் தோவாவின் நாட்டுக்காரன்தான், சைகோன் நகரத்துப் பேச்சு. அவன் குரலை உயர்த்தவேயில்லை.

"அக்கா, கீழ இருக்கவங்கள நீங்க எப்பவும் எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்படியே இப்பவும் கூப்பிடுங்க."

அவ்வளவுதான். பிள்ளையை ஏதாவது செய்வோம் என்று யாரும் சொல்லவில்லை. துப்பாக்கியை அதன் பக்கம் யாரும் திருப்பவுமில்லை. இத்தனை வருஷமாக ஒவ்வொரு இரவும் அந்த இடத்தில் ஒரு துப்பாக்கியை வைத்துப் பார்க்க தோவா முயன்றிருக்கிறாள், அது நிற்கமாட்டேன் என்கிறது. துடைப்பம் கைக்கெட்டும் தூரத்தில் சாய்ந்திருந்தது. அவள் கத்தியை எடுத்தாள்.

மூடியைத் தள்ளிக்கொண்டு கியென் தலையை நீட்டி, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி, அண்ணியைப் பார்த்துச் சிரித்தபடி ஒன்று கேட்டான். அவள் அதற்குப் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

செத்த மூன்று பேரையும் மோப்ப நாய்கள் காட்டிக்கொடுத்தன என்று ஊர் முடிவு கட்டியது. கூடத்துச் சுவரில் கியெனுக்கு அரசாங்கம் கொடுத்த பாராட்டுப் பத்திரம் தொங்குகிறது. பக்கத்திலேயே, போராளிகளைக் காத்து வைத்தவள் என்று அவளுக்கும் ஒன்று. ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் கட்சிக்காரர்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். கை கூசும். கொடுத்துக்கொண்டு நிற்பாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் வெட்டுப்பலகை கிடையாது. கீரைக்குக் கத்தரிக்கோல், கறி என்றால் சந்தையிலேயே வெட்டி வாங்குவது. மருமகள் லுவாவுக்கு இது பெரிய வேடிக்கை. எங்க அத்தைக்கு அமெரிக்காக்காரன்கிட்ட பயமில்லை, கத்திச் சத்தத்துக்குத்தான் பயம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். இன்று இருபது பேருக்கு வாத்துக் கஞ்சி. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பலகையை லுவா இடுக்கிக்கொண்டு வந்து, டைல்ஸ் மேல் போட்டு, குந்தி உட்கார்ந்தாள்.

"அது வேணாம் லுவா."

"கத்தரிக்கோலால வெட்டினா கியென் சித்தப்பா அடுத்த வருஷம்தான் சாப்பிடுவாரு அத்தை. நீங்க போய் ஊதுபத்தி ஏத்துங்க."

கத்தி இறங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று.

அப்புறம் லுவா தலையைத் தூக்கி, கொல்லைத் தாழ்வாரத்துல சித்தப்பாவுக்கு எரிக்க வெச்ச சாமிக் காகிதம் சாரல்ல நனையுதே என்று கத்தியைப் போட்டுவிட்டு மழைக்குள் ஓடினாள்.

தோவா பலகையைப் பார்த்தபடி நின்றாள். கீழே எதுவோ உடம்பைத் திருப்பிக்கொண்டது. மணலில் துணி உரசும் சத்தம். பிறகு தட்டல். இந்த முறை கொஞ்சம் அவசரமாக.

அப்போதுதான் வாடை வந்தது. ஈரத் தோல் பூட்ஸ். இனிப்பான சிகரெட். இருபத்தாறு வருஷமாக இந்த ஊரில் யாரும் பிடிக்காத சிகரெட்.

கூடத்தில் ஒன்றரை வயதுப் பேத்தி ஹான் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் சிரிப்புக் கேட்டது. வழக்கமான சிரிப்புதான். ஆனால் தூளியிலிருந்து வரவில்லை. வாசல் நிலையின் உயரத்திலிருந்து வந்தது. அந்த வீட்டில் அவ்வளவு உயரத்துக்குப் பிள்ளையைத் தூக்கக்கூடிய ஆள் கிடையாது.

தோவா திரும்பவில்லை. கை தானாக நீண்டது. துடைப்பம் கிடைத்தது.

பெருக்கினாள். ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. வழவழத்த டைல்ஸில் ஈர்க்குகள் கிறீச்சிட்டன. கீழே தட்டல் உடனே நின்றது. சொன்ன சொல்லைக் கேட்கும் பிள்ளைகளைப் போல அடங்கிவிட்டார்கள். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவுதானே. அன்றைக்கும் இவ்வளவுதானே செய்ய வேண்டியிருந்தது.

முதுகுக்குப் பின்னால் சிரிப்பு பாதியில் நின்றது.

யாரும் எதுவும் சொல்லவில்லை. இப்போதும்.

மழை மட்டும். கஞ்சி கொதிக்கும் சத்தம் மட்டும். பிள்ளையின் மூச்சு கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள். கேட்கவில்லை. கத்தலாம். திரும்பிப் பார்க்கலாம். பெருக்கிக்கொண்டே இருக்கலாம்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அது விழாமல் நிற்கிறதா என்றுகூடப் பார்த்தாள். குந்தினாள். கத்தியின் பிடி லுவாவின் கைச் சூட்டோடு இருந்தது.

மீதமிருந்த ஒன்றை வெட்டினாள்.

பின்னால் மறுபடி சிரிப்பு. பிஸ்கட் நொறுங்கும் சத்தம்.

நாலு டைல்ஸ் ஒட்டிய சிமெண்டோடு சேர்ந்து மெல்ல மேலே எழும்பின. விளிம்பைச் சுற்றி மணல் சரிந்தது. நகமெல்லாம் மண் அப்பிய விரல்கள் விளிம்பைப் பற்றின. பிறகு முடி. நெற்றி. வெளிச்சத்துக்குச் சுருங்கிய கண்கள். அவனுக்குப் பின்னால் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு அந்த இரண்டு பெண்கள். மூவரின் முகமும் அவளைக் கண்டதும் மலர்ந்தது.

"போயிட்டாங்களா அண்ணி?"

சிகரெட் வாடை அவள் பிடரியில் சூடாக இறங்கியது.

"போயிட்டாங்க," என்றாள் தோவா. "மேல வாங்க."