ஓய்வுக்கெடு: பதினைந்து நொடி

சாயங்காலச் சங்கு ஊதிய பிறகுதான் தூத்துக்குடியில் கதவுகள் திறக்கும். பங்குனி பிறந்தால் புரட்டாசி முடியும் வரை வெயிலுக்குப் பயந்த அடைப்பு மாதங்கள். பகலில் தெருவில் காக்கைகூட இருக்காது. ஜெசிந்தா, ஊர் அறைகளுக்குக் குளிர்ச்சி வழங்கும் குளிர் வாரியத்தின் சுரங்கப்பாதையிலிருந்து மேலே ஏறி, இன்னும் அனல் அடிக்கும் சாலையைக் கடந்து, ஊழியர் குடியிருப்பில் தன் அறைக்குள் நுழைந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அண்ணனுக்கு லைன் போட்டாள்.

"வந்துட்டேன்ணே."

மறுமுனையில், மேசையை விரல் முட்டியால் தட்டும் சத்தம் ஒன்று. கேட்கிறேன் என்று அதற்குப் பொருள்.

அவ்வளவுதான் பேச்சு. அவள் அரிசி களைந்தாள், வெங்காயம் நறுக்கினாள், வேலையில் யாரோ செய்த முட்டாள்தனத்தைப் பற்றித் தனக்குத்தானே முணுமுணுத்தாள். லைன் திறந்தே கிடந்தது. அடைப்பு மாதங்களில் ஊரே இப்படித்தான். ஆளுக்கோர் அறையில் அடைந்து கிடக்கும்போது பேச என்ன இருக்கிறது? மறுமுனையில் ஒருவர் இருக்கிறார் என்பது போதும். கணவன் மனைவி, அக்கா தங்கை, பழைய கூட்டாளிகள் எல்லோரும் மாலையில் லைனைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். 'லைன்ல கிடக்கிறது' என்று அதற்குப் பெயர்.

படுக்கப் போகும்போது அவள் கேட்பாள்: "வெச்சிரட்டா?" இரண்டு தட்டு விழும். பிறகு வைப்பாள்.

அண்ணன் ரெமிஜியுஸ் முன்பு முக்குளிப்பாளன். கடலுக்கடியில் இருந்து குளிர்நீர் இழுக்கும் வாரியக் குழாயின் வாயைச் சுத்தம் செய்வது அவன் வேலை. இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் அடித்துப் போட்டது. சொல் போய்விடவில்லை, வரத் தாமதமாகும். ஒரு கேள்வி கேட்டால், அவன் வாய் அந்தப் பதிலைத் தேடிப் பிடித்து மேலே கொண்டுவருவதற்குள் கேட்டவருக்குக் கேள்வியே மறந்துவிடும். அதனால் அவன் பேசுவதையே விட்டுவிட்டான். ஓர் அறைக்கு வயதுவந்த ஆள் ஒருவர்தான் என்பது சட்டம். ஆகவே அவன் கடற்கரைச் சாலைக் குடியிருப்பில் தனியே இருந்தான். வலது கை வராது என்பதால் அவன் கருவி, அழைப்பு வந்ததும் தானே எடுக்கும்படி ஜெசிந்தா அமைத்துக் கொடுத்திருந்தாள்.

அவள் தொழிலும் அமைப்பதுதான். வாரியத்தில் அவள் உணரி அமைப்பாளர்: லைன்களைக் கவனிக்கும் கருவிகளை அமைப்பவள்.

கடலில் இருந்து கிடைக்கும் குளிர்ச்சி எல்லோருக்கும் போதாது. ஊருக்கு வெளியே கொட்டகைகளில் ஆயிரக்கணக்கானவர்கள் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு ஓர் அறைக்காகக் காத்திருந்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் அவர்களில் பலர் மழையைப் பார்ப்பதில்லை. அதே நேரத்தில், மலைக்குக் குடியேறிவிட்ட வசதிக்காரர்கள் ஊரில் தங்கள் அறைகளை விடாமல் வைத்திருந்தார்கள். ஆள் இருப்பதுபோல் காட்ட நிழலிகளை விட்டுப் போனார்கள். நிழலி என்பது நமக்குப் பதில் நம் குரலில் பேசும் மென்பொருள். எல்லோரிடமும் ஒன்று உண்டு. ஜெசிந்தாவின் நிழலி, அலுவலக நேரத்தில் அவள் அழைப்புகளை எடுத்து, அவளைவிட மரியாதையாகப் பேசும்.

எந்த அறையில் ஆள் இருக்கிறார், எதில் நிழலி இருக்கிறது? லைனில் காது வைத்தால் தெரிந்துவிடும். ஆனால் பேச்சைக் கேட்கக்கூடாது. பழைய ஒட்டுக்கேட்பு ஊழலுக்குப் பிறகு வந்த சட்டம் அது. வாரியம் அதைத் தொடப் பயந்தது. உணரிக்கு அனுமதிக்கப்பட்டது ஓட்டம் மட்டும்: எங்கிருந்து எங்கே, எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் எவ்வளவு போனது. மூடிய உறையின் முகவரியையும் கனத்தையும் மட்டும் பார்ப்பதுபோல. கடையில் வாங்கிய உணரிகள் இதற்குப் பயன்படவில்லை. மனிதன் ஒழுங்கில்லாமல் பேசுவான், நிழலி சின்னச் சின்னதாக, ஒரே சீராக அனுப்பும் என்ற வேறுபாட்டைப் பிடிக்கத் தனியாக ஒன்றை உருவாக்க வேண்டியிருந்தது. அதை ஜெசிந்தாவிடம் கொடுத்தார்கள். அவளும் மனதாரச் செய்தாள். கொட்டகைகளை அவள் பார்த்திருக்கிறாள்.

எல்லாம் ஓர் எண்ணில் வந்து முட்டியது. ஓர் ஓட்டத்தில் எவ்வளவு நேரம் எதுவும் போகாவிட்டால் அது முடிந்ததாக உணரி கணக்கை மூட வேண்டும்? அதற்குப் பெயர் ஓய்வுக்கெடு. அவள் ஐந்து நிமிடம் என்று போட்டாள். முதல் மாலையிலேயே உணரி திணறி நின்றது. ஊர் முழுக்க லைனில் கிடந்ததால், மூடாத கணக்குகள் அதன் நினைவகத்தை நிரப்பிவிட்டன. புதிய ஓட்டங்களைப் பதிய இடமில்லை.

"பதினஞ்சு நொடியா கொறைச்சிரும்மா," என்றார் பிரிவுத் தலைவர் கோமதிநாயகம்.

"பதினஞ்சு நொடின்னா சும்மா லைன்ல கிடக்கிறவங்க ஓட்டமெல்லாம் துண்டு துண்டாப் போயிரும் சார். கருவியெல்லாம் மௌனத்த அனுப்பறதே இல்ல, சத்தம் வந்தாத்தான் தகவல் பொட்டலம் போவும். ஒரு இருமலு, ஒரு தட்டு, மறுபடி ஒண்ணுமில்ல. உணரி கண்ணுக்கு அது நிழலி மாதிரி தெரியும். எங்க அண்ணன் மாதிரி ஆளுக இருக்காங்கல்லா?"

"பெரிய பெட்டி வாங்க வாரியத்துல வழியில்ல. பதினஞ்சப் போட்டு சொந்த வாசல்ல ஓட்டிப் பாரு. உங்க அண்ணன் லைனு பாஸானா எல்லா லைனும் பாஸு. என்ன சொல்லுத?"

சொந்த வாசல் சோதனை என்பது அந்தத் தொழிலின் கட்டுப்பாடு. புதிய உணரி முதல் ஒரு வாரம் அதை அமைத்தவர் வீட்டு லைனைத்தான் பார்க்கும். தன் வீட்டில் பிசகுகிற கருவியை யாரும் ஊருக்கு அனுப்பமாட்டார்கள் என்ற நம்பிக்கை. நல்ல ஏற்பாடுதான்.

அன்று மாலை அவள் அண்ணனிடம் புலம்பினாள். "இந்த வாரம் நம்ம லைனத்தான்ணே உணரி பாக்குது. இது தேறாட்டி என் மூணு வருச உழைப்பும் மண்ணாப் போவும். கொட்டகையில இந்தக் கோடையும் பொணந்தான் விழும்."

ஒரு தட்டு. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு, அவள் உலையை இறக்கும்போது, அவன் குரல் வந்தது.

"மீனு... வாங்கினியா?"

அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். எத்தனை மாதம் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு!

அந்த வாரம் முழுக்க ரெமிஜியுஸ் பேசினான். திணறித் திணறி, பாதிச் சொல்லை விழுங்கி, ஆனால் விடாமல். குழாய் வாயில் வலையோடு மாட்டிக்கொண்ட ஆமையை, வலையை அறுத்து விடுவித்ததைச் சொன்னான். "அது... திரும்பிப் பாத்துச்சு... பிள்ள. நன்றி... கெட்டது. கையக் கடிச்சிட்டுல்லா... போச்சு." ஜெசிந்தா சிரித்துச் சிரித்து அழுதாள். அண்ணன் தேறி வருகிறான் என்றே நினைத்தாள். உணரியும் ஏழு நாளும் தயங்காமல் 'ஆள் உண்டு' என்று எழுதியது.

அவன் தேறவில்லை. தங்கையின் உணரி தேறட்டும் என்று பேசினான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வேர்த்து, இரவில் தாடை வலித்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். அவளுக்குக் கேட்டது சத்தம் மட்டும்தான், முகம் தெரியவில்லை.

உணரி ஊருக்குப் போனது. முதல் நாட்களில் ஜெசிந்தா வாரியத்திலேயே கிடையாய்க் கிடந்தாள். மூன்று நாள் தொடர்ந்து 'ஆள் இல்லை' என்று வந்தால், அறைக்கு ஓர் எச்சரிக்கை அழைப்பு போகும். உள்ளே இருப்பவர் பெயரைச் சொன்னால் போதும். பதில் இல்லாவிட்டால் அறைக்குக் குளிர்ச்சி வரும் குளிர்வழி அப்போதே அடைபடும். அந்த அழைப்பு வேறு பிரிவு செய்தது. பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்: தனியாக எதற்கு ஓர் எண், உங்கள் ஓய்வுக்கெடுவையே எடுத்துக்கொண்டோம் என்று.

மாலைகளில் அண்ணன் மறுபடி தட்டுக்குத் திரும்பியிருந்தான். "களைச்சுட்டியாண்ணே?" என்றாள். ஒரு தட்டு. சரி, ஓய்வெடுக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். அவளுக்கும் களைப்பு.

நான்காம் நாள் சாயங்காலம் அறைக்குள் நுழைந்ததும் நிழலி அவள் குரலிலேயே அறிவித்தது: "ரெமி அண்ணன் மதியம் அழைத்தார். செய்தி எதுவும் சொல்லவில்லை. லைன் திறந்தே இருக்கிறது."

"அவன் என்னிக்கு சொன்னான்!" என்று சிரித்தாள் ஜெசிந்தா. அண்ணன் அழைத்தால் லைனை ஒருபோதும் துண்டிக்கக்கூடாது என்று நிழலிக்குப் பழக்கியிருந்தது அவள்தான்.

"வந்துட்டேன்ணே. தூங்கிட்டியா? தூங்கு, தூங்கு."

கருவியில் மெல்லிய இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. காற்று வீசுவதுபோல, யாரோ மூச்சு விடுவதுபோல. அவள் ரசம் வைத்தாள். நல்ல நாள் அது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"இன்னிக்கு மட்டும் நூத்துக்கு மேல அறை திரும்பி வந்திருக்குண்ணே. எல்லாம் ஆளில்லாத அறை. கோமதி சார் அல்வா வாங்கிக் குடுத்தாவ. காலையில கொட்டகையில இருந்து ஜனங்கள ஏத்திக்கிட்டு வண்டி வருது. உன் தங்கச்சி ஒண்ணும் லேசுப்பட்டவ இல்ல, பாத்துக்க."

சாப்பிட்டாள். பாத்திரம் கழுவினாள். விளக்கை அணைக்கப் போகும்போது கேட்டாள்.

"வெச்சிரட்டா?"

தட்டு விழவில்லை.

"அண்ணே? வெச்சிரட்டா?"

இரைச்சல் மட்டும் கேட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த இரைச்சல் மறுமுனையிலிருந்து வருவதில்லை. எதுவும் வராதபோது, லைன் செத்துவிட்டதாக யாரும் பயந்துவிடக்கூடாது என்று அவரவர் கருவியே உண்டாக்கிக் கொடுக்கும் பொய்ச் சத்தம் அது. ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். அடுப்படியில் இவ்வளவு நேரமும் அவள் யாரோடு இருந்தாள்?

செருப்புகூட இல்லாமல் ஓடினாள். கடற்கரைச் சாலைக் குடியிருப்பின் கதவைத் தொட்டபோது உள்ளங்கை சுட்டது. குளிர்வழி மூடப்பட்ட சிமெண்டு அறை, பகல் முழுக்க வாங்கிய வெயிலை இன்னும் வைத்துக்கொண்டிருந்தது. ரெமிஜியுஸ் கருவிக்கு முன்னால், மேசையில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தான். இடது கை முட்டி மேசை மேல் இருந்தது. ஜெசிந்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மூடிய கதவுகளுக்குப் பின்னால் லைனில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள்.

மறுநாள் காலையே அந்த அறை ஒதுக்கப்பட்டுவிட்டது. கொட்டகையிலிருந்து ஒரு பெண்ணும் கைக்குழந்தையும். குழந்தையின் உடம்பெல்லாம் வேர்க்குரு. அவர்கள் மேல் கோபப்பட ஜெசிந்தா முயன்று பார்த்தாள், முடியவில்லை. அது அவளை இன்னும் வதைத்தது.

அடக்கம் முடிந்து அவள் அலுவலகத்துக்கு வந்தபோது கோமதிநாயகம் எழுந்து நின்றார். கண் சிவந்திருந்தது. "முப்பது நொடியாக்கிரலாம்மா," என்றார். "மேல பேசுதேன். முப்பதுக்கு எப்படியும் ஒத்துக்கிடுவாங்க."

அவள் தன் இருக்கைக்குப் போய் அண்ணன் இறந்த நாளின் ஓட்டங்களைத் திறந்தாள்.

மதியம் எச்சரிக்கை அழைப்பு அவன் அறைக்குப் போயிருந்தது. அறையிலிருந்து எதுவும் வரவில்லை. பதினைந்து நொடி கழிந்ததும் உணரி கணக்கை மூடி, 'பதில் இல்லை' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, அதோடு சேராத தனி ஓட்டம் ஒன்று இருந்தது. அவன் அறையிலிருந்து, சில நொடிகள் பிந்தி, யாரும் கேட்காத முனைக்குப் போனது. ஒரு பெயர் சொல்லப் போதுமான அளவு.

அடுத்தது அவளுடைய எண்ணுக்கு வந்த அழைப்பு. ஒன்றாக இருந்தது துண்டு துண்டாகப் பிரிந்திருந்தது. முதலில் அவள் பக்கத்திலிருந்து நிறையப் போயிருந்தது. நிழலி நலம் விசாரித்திருக்கும். பிறகு இடைவெளி. அவன் பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று. அவன் தட்டு எவ்வளவு கனம் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். இது அதைவிடப் பெரியது, பேச்சு. என்ன சொன்னான் என்று எந்தப் பதிவிலும் இல்லை. இருக்கக்கூடாது என்பது சட்டம். நிழலிக்கோ அது செய்தியாகத் தெரியவில்லை. அது அவள் குரலில் மறுபடி ஏதோ இனிமையாகச் சொல்லியிருக்கிறது. அவன் மறுபடி முயன்றிருக்கிறான், இம்முறை சின்னதாக. இப்படியே பிற்பகல் பாதி வரை. அதன் பிறகு அவள் பக்கத்திலிருந்து மட்டும், விட்டுவிட்டு, ஒரே அளவில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அந்த அளவும் அவளுக்குத் தெரியும். வெச்சிரட்டா, வெச்சிரட்டா என்று நிழலி கேட்டுக்கொண்டிருந்தது. அவன் வைக்கச் சொல்லவேயில்லை.

அந்த ஓட்டங்கள் எல்லாவற்றுக்கும் உணரி ஒரே முடிவைத்தான் எழுதியிருந்தது: 'இரு முனையிலும் ஆள் இல்லை.'

ஜெசிந்தா அந்த வரியை மறுபடி படித்தாள். அண்ணன் முனையில் உணரி தவறு செய்திருந்தது. அவள் முனையில் அது சொன்னது சரி.