கடைசிக் காம்பராவைப் பார்த்திருந்த நெல்லுக்குருவிகள்

தேயிலையைத் தவிர வேறெதுவும் விளையாத தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த அந்த மேட்டு லயத்துக்கு நெல்லுக்குருவிகள் எதற்கு வந்தன என்று ஜெயந்தினிக்குப் பிடிபடவே இல்லை. பதுளைப் பக்கத்து வயல்களில் கதிர் முற்றும்போது கூட்டமாக இறங்கும் பறவைகள் அவை; நமுனுகுல மலைக் குளிரில் அவற்றை அவள் ஒருநாளும் கண்டதில்லை. இதுவோ ஐப்பசி. கீழே இப்போதுதான் விதைக்கிறார்கள். ஆனாலும் ஈரத் தகரக் கூரை முழுக்க, பனிமூட்டத்துக்குள், கறுத்த தலையும் பழுப்பு உடம்புமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. எல்லாத் தலைகளும் லயத்தின் கடைசிக் காம்பராவைப் பார்த்தே திரும்பியிருந்தன.

மாரிசாமி குடும்பம் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பரா அது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவர்கள் கொழும்புக்குப் போய்விட்டதாக ஜெயந்தினியின் கணவன் நிஷாந்த்தான் எல்லோரிடமும் சொன்னான். சாவியும் அவனிடம்தான் இருந்தது.

"யாரோ நெல்லு போடுறாங்கக்கா. இல்லாட்டி இதுக ஏன் இங்க வந்து நிக்குதுக?" என்று பக்கத்துக் காம்பரா இராக்கம்மாவிடம் கேட்டாள்.

"ஒன் வீட்டுக்காரருதான் பொழுது சாய அந்தப் பக்கம் போறாரு. அவருகிட்டயே கேளு புள்ள." சொல்லிவிட்டு இராக்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தத் திருப்பல் ஜெயந்தினிக்குப் போதுமாக இருந்தது. எவள் அவள்? எந்த லயத்துக்காரி? அன்றிரவு அவன் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பவுடர் வாசம் இல்லை, பூ வாசமும் இல்லை. நனைந்த இறகும் புளித்த நெல்லும் கலந்த ஒரு வாடை அடித்தது.

நிஷாந்த் சோற்றைத் தொடவில்லை.

"பசிக்கலையா?"

"சாப்பிட்டுட்டேன்."

"எங்க?"

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். கீழுதட்டில் ஒரு உமி ஒட்டியிருந்தது.

மறுநாள் மழை வலுத்ததால் பறித்த கொழுந்தை வெள்ளனவே எடைபோட்டு ஆட்களை அனுப்பிவிட்டார்கள். நனைந்த படங்குச்சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்கக்கூட நிற்காமல் ஜெயந்தினி லயத்துக்கு ஏறினாள். கூரையில் ஒரு குருவிகூட இல்லை. கடைசிக் காம்பராவின் பூட்டு திறந்து தொங்கியது. உள்ளே பெண்குரல் கேட்கும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று கதவில் காதை வைத்தாள். கேட்டது குரல் இல்லை. சின்னச் சின்னதாக, ஈரமாக, எதுவோ விழுங்கும் சத்தம்.

கதவைத் தள்ளினாள்.

தகரத்தின் விரிசல் வழியாகக் குருவிகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு அலகிலும் ஒரு நெல். நிஷாந்த் நடுவில் மண்டியிட்டு அண்ணாந்திருந்தான். அவை அவன் கன்னத்தில் உட்கார்ந்து, நெல்லை வாய்க்குள் போட்டுவிட்டுப் பறந்தன. அவன் மெல்லவில்லை. கன்னங்கள் மட்டும் உப்பிக்கொண்டே வந்தன.

பிறகு சுவரோரம் தவழ்ந்து போனான்.

அங்கே மாரிசாமி. அவன் மனைவி. இரண்டு பிள்ளைகள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, வரிசையாக, ஒருவரோடொருவர் ஒட்டி. கண்கள் மூடியிருந்தன. வாய்கள் மேல்நோக்கிப் பிளந்திருந்தன. கழுத்துகள் நடுங்கின.

நிஷாந்த் குனிந்து, சின்னவளின் வாயோடு வாய் வைத்தான். அவள் தொண்டை ஏறி இறங்கியது.

"என்னங்க..."

அவன் திரும்பினான். நான்கு வாய்களும் திரும்பின.

ஓடவேண்டும். கால் எழவில்லை.

மண்டியிட்டபடியே அவன் அவளை நோக்கி வந்தான். கன்னம் புடைத்திருந்தது. கண்ணில் அத்தனை கனிவு. கல்யாணமான நாளிலிருந்து அவள் கண்டிராத கனிவு.

கத்தத்தான் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மூடப் பார்த்தாள். முடியவில்லை. கழுத்து தானாகப் பின்னால் சாய்ந்தது. முழங்கால்கள் மடங்கின. அண்ணாந்த வாய்க்குள் முதலாவதாக விழுந்தது, அவன் எச்சிலில் ஊறிய, சூடான நெல்.