காலிப் பெட்டியில் கல்யாண உடை

முந்தின நாள் பெய்த மழையின் ஈரம் இன்னும் காயாத பிற்பகலில் அந்த மூக்குக் கண்ணாடிக் கடை பாதித் தூக்கத்தில் இருந்தது. சுவரில் அடுக்கியிருந்த கண்ணாடிகளில் ஈர வெளிச்சம் பட்டு, தரையில் சின்னச் சின்ன வட்டங்களாக அசைந்துகொண்டிருந்தது. கல்லாவில் அண்ணி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். புதிதாக வருகிறவர்கள் அவள் தூங்குகிறாள் என்றே நினைப்பார்கள். காணாமல் போன பூனையிலிருந்து கள்ளக் கையெழுத்து வரைக்கும் அவள் கண்டுபிடித்ததெல்லாம் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டுதான் என்பது அவளுடைய கொழுந்தனுக்குத் தெரியும். கடையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. வீட்டில் அவனுக்கு வைத்த பேர் அவசரக்குடுக்கை. சும்மா சொல்லக்கூடாது, பொருத்தமான பேர்தான்.

கதவைத் தள்ளிக்கொண்டு தையல்கடைக்காரி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கல்லாக் கண்ணாடியின் மேல் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"அக்கா, என் படத்தைத் திருடிட்டா. வேற யாரும் இல்ல, அவதான்."

"முதல்ல உக்காரு. எந்தப் படம்? எவ?"

எவ என்று கேட்க வேண்டியதே இல்லை. தையல்கடைக்காரி "அவ" என்றால் அது பேக்கரிக்காரிதான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இப்போது மரச்சாமான் கடை மாடியில் நடக்கும் இணையப் பக்கம் வடிவமைக்கும் பயிற்சியிலும் பக்கத்துப் பக்கத்து மேசை. கொழுந்தனும் அங்கேதான் படிக்கிறான். அன்றைக்கு வகுப்பு இல்லை. சாயங்காலம் அவரவர் செய்த பக்கத்தை எல்லோர் முன்னாலும் திறந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

"அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம்" என்றாள் தையல்கடைக்காரி. "இந்த வயசுல எனக்கென்னடி ஜோடனை, ரெடிமேட்ல ஏதாவது எடுத்துக்கறேன், நீ எதுவும் தைக்காதேன்னா. நான் கேப்பேனா? அவளுக்குத் தெரியாம தைச்சு முடிச்சேன். அதைப் படம் எடுத்து என் இணையப் பக்கத்துல முதல்ல போட்டேன். இன்னிக்குத் திறக்கறப்போ அவ வாயடைச்சு நிக்கணும்னு ஆசை. நேத்து சாயங்காலம் என் கண்ணால பார்த்தேன்க்கா, படம் ஜம்முனு இருந்துச்சு. காலையில போன்ல திறந்தா, படம் இருந்த இடத்துல வெறும் பெட்டி! ஓடிப்போய் பயிற்சி மாடியில என் மேசை லேப்டாப்ல பார்த்தா அங்கேயும் அதே காலிப் பெட்டி."

"உன் போன்ல படம் இருக்குமே?"

"அவ என் போனை நோண்டுவா. பார்த்துடக் கூடாதேன்னு அழிச்சிட்டேன்."

"சரி, அவதான்னு எப்படிச் சொல்றே?"

"நேத்துக் கடைசியாக் கதவைப் பூட்டினது அவ. படத்தைப் பார்த்திருக்கா, பிடிக்கல, அழிச்சிட்டா. வேற படம் எடுக்க எனக்கு எவ்வளவு நேரமாகும்? அது இல்லக்கா. பிடிக்கலைன்னு என் முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அவகிட்ட என்ன கேட்டே?"

தையல்கடைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "படியேறி வந்தா. ஏதோ சொல்ல வாயைத் திறந்தா. நான் முந்திக்கிட்டு, எதுக்குடி என் படத்தைத் திருடினே, திருடின்னு கத்திட்டேன். அப்படியே திரும்பிப் போயிட்டா. அப்புறம் அவ கடைப் பொண்ணுகிட்டச் சொல்லி அனுப்பினா, கல்யாணத்துக்கு வரவேணாம்னு."

கொழுந்தன் லென்ஸ் தேய்ப்பதை நிறுத்தினான். அந்த இரண்டு பேரும் சேராமல் ஒரு தேநீர்கூடக் குடித்து அவன் பார்த்ததில்லை.

அண்ணி துணியை எடுத்து, கல்லாக் கண்ணாடியில் பதிந்திருந்த நீல விரல் தடங்களை நிதானமாகத் துடைத்தாள். துணியில் கோடு போடும் சாக்பீஸ் அது. தையல்கடைக்காரி கை வைத்த இடத்திலெல்லாம் அந்த நீலம் இருக்கும்.

"வா, போய்ப் பார்ப்போம்" என்றாள்.

மாடி அறையில் வார்னிஷ் வாசனையும் மழை வாசனையும் கலந்து கிடந்தன. ஜன்னல் திரைகள் மெல்ல ஊதி அடங்கின. மேசைக்கு ஒன்றாக ஒரே மாதிரி கறுப்பு லேப்டாப்புகள் மூடிக் கிடந்தன. பயிற்சி கொடுக்கும் வாத்தியார் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பக்கத்துக்குள்ள படம் இருக்காது மேடம்" என்று அவர் விளக்கினார். "படம் எங்கே இருக்குங்கற விலாசத்தைத்தான் எழுதுவோம். பக்கங்கள் எல்லாம் பொது ஃபோல்டர்ல இருக்கு, இங்கே எந்த லேப்டாப்லயும், போன்லயும் திறக்கலாம். படத்தையும் அங்கேயே போடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இவங்க தன்னோட லேப்டாப் முகப்புல, அதான் டெஸ்க்டாப்ல, வச்சுக்கிட்டு அந்த விலாசத்தை எழுதிட்டாங்க. அதனால அந்த லேப்டாப்ல மட்டும்தான் படம் தெரியும். போன்ல தெரியாது."

"அப்போ இவ மேசையில இருக்கற இதுல தெரியணுமே?" என்றாள் அண்ணி.

"தெரியணும். ஆனா முகப்புல படமே இல்லையே! யாரோ எடுத்திருக்காங்க, வேற வழியே இல்ல."

தையல்கடைக்காரி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அதற்குள் கொழுந்தன் அவளுடைய மேசையில் கவிழ்ந்து, கீபோர்டில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்திருந்தான்.

"அண்ணி! இங்கே பாருங்க! இடுக்கு இடுக்கா மாவு! பேக்கரிக்காரி கை இதுல பட்டிருக்கு. கையும் களவுமாப் பிடிச்சாச்சு!"

அண்ணி மாவைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். மேசைக்கு நேர் மேலே புதிதாக ஓர் ஈரக் கறை படர்ந்திருந்தது. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். அங்கே ஒரு வட்டக் கேக் டின், அதில் பாதி மழைத் தண்ணீர். ஜன்னல் வெளிச்சம் அதில் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தம்பி, பேக்கரிக்காரியைக் கூட்டிட்டு வா. நான் கூப்பிட்டேன்னு சொல்லு. ஓடாதே, நட."

அவன் ஓடினான்.

பேக்கரிக்காரி இடுப்பில் கட்டிய மாவு படிந்த முன்துணியோடு வந்து வாசலிலேயே நின்றாள். தோழி இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை.

"தம்பி ஒரு மாவைக் கண்டுபிடிச்சிருக்கான்" என்று அண்ணி ஆரம்பித்தாள். "அது பேக்கரி மாவுதான், சந்தேகமில்ல. ஆனா நீலம் எங்கே?"

"எந்த நீலம்?" என்றான் கொழுந்தன்.

"இந்தப் பொண்ணு என் கல்லாவுல ரெண்டு நிமிஷம் கை வச்சா, துடைக்க வேண்டியதாயிடுச்சு. பயிற்சி தொடங்கின நாள்லேர்ந்து இவ தட்டின கீபோர்டுல ஒரு பொட்டு நீலம்கூட இல்லையே, ஏன்? வந்து ஒருதரம் தொட்டுட்டுப் போனா மாவு இடுக்கு இடுக்கா அடையுமா? இது தினம் தினம் தட்டின மாவு."

கொழுந்தன் மறுபடி குனிந்து கீபோர்டைப் பார்த்தான்.

"இது இவ லேப்டாப்பே இல்ல" என்றாள் அண்ணி. பிறகு பேக்கரிக்காரியைப் பார்த்துக் கேட்டாள். "நேத்து மழை இந்த மேசை மேல ஒழுகினப்போ, நீ என்னம்மா பண்ணினே?"

பேக்கரிக்காரி சுவரைப் பார்த்துப் பேசினாள். "இவளோடது நனையுதேன்னு தூக்கி என் மேசையில வச்சேன். கையில இருந்த டின்னை ஒழுகற இடத்துல வச்சேன். மழை விட்டதும் டின்னை மேசைக்கு அடியில தள்ளிட்டு, மேசையைத் துடைச்சு, லேப்டாப்பைத் திருப்பி வச்சுட்டுப் பூட்டினேன். மேலே ஒழுகுது, இடத்தை மாத்திக்கோடின்னு சொல்லத்தான் காலையில சீக்கிரம் வந்தேன். அதுக்குத்தான் எனக்குத் திருடிப் பட்டம்."

"ரெண்டும் ஒரே கறுப்பு, ஒரே மேசையில இருந்துச்சு" என்றாள் அண்ணி. "எதைத் திருப்பி வச்சோம்னு நீ பார்க்கல. பார்த்தாலும் தெரிஞ்சிருக்காது. போய் உன் மேசையில இருக்கறதைத் திற."

கீபோர்டு முழுக்க நீலம் அப்பியிருந்தது. வாத்தியார் "அட!" என்றார். பேக்கரிக்காரி மாவுக் கையை முன்துணியில் துடைத்துவிட்டு, தோழியின் இணையப் பக்கத்தைத் திறந்தாள்.

காலிப் பெட்டி ஒரு கணம் நின்றது. பிறகு மேலிருந்து கீழாக அது நிரம்பியது. ஜன்னலோரம் தொங்கும் ஓர் உடை. பாலாடை நிறம், காற்றில் லேசாக உப்பிய கை, ஓரமெல்லாம் பொடிப்பொடியாகக் கையால் போட்ட பூவேலை. பேக்கரிக்காரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது... எனக்கா?"

"வேற யாருக்கு?" என்றாள் தையல்கடைக்காரி.

"என்கிட்ட அளவே எடுக்கலையேடி?"

"உனக்கு எதுக்குடி அளவு? எனக்குத் தெரியாதா உன்னை?" என்று சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். சொன்னது அவளையே சுட்டுவிட்டது. தெரிந்தவளைத்தான் காலையில் படியில் நிறுத்தித் திருடி என்றிருக்கிறாள். "தெரியும்னுதான் நினைச்சிருந்தேன். என்னை மன்னிச்சுடுடி" என்று விசும்பினாள்.

பேக்கரிக்காரி திரையில் இருந்த பூவேலையை விரலால் மெல்லத் தடவினாள்.

"ரொம்ப வலிச்சுது" என்றாள். "கேட்டிருக்கலாம்ல? ஒரே ஒரு வார்த்தை. கல்யாணத்தன்னிக்கு இதுக்குக் கொக்கி மாட்ட நீ வந்துதான் ஆகணும். பாக்கிச் சண்டையை அதுக்கப்புறம் போட்டுக்கலாம்."

தையல்கடைக்காரி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். முன்துணியெல்லாம் நீலமாகிவிட்டது.

வாத்தியார் படத்தைப் பொது ஃபோல்டருக்கு மாற்றி, விலாசத்தைத் திருத்தினார். கொழுந்தனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய் லேப்டாப்புகளைத் திறந்துவிட்டான். மங்கிய அறையில் ஒவ்வொரு திரையாக அதே பாலாடை நிற உடை எழுந்து வந்தது.

"அண்ணி, எல்லாத்துலயும் தெரியுது!" என்று கத்தினான்.

அண்ணி வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தாள். இந்தமுறை உண்மையாகவே தூங்கிவிட்டாள்.